ஆம்பூர் டு பிடதி: 46 வயதில் ஒரு வாட்டர் ஸ்லைடு!

போன வருடம் மகளின் பள்ளியில் சுற்றுலா அழைத்துப் போனார்கள். தண்ணீர் விளையாட்டுப் பூங்கா. ராத்திரி பத்து மணிக்கு வந்து இறங்கியவளின் பையைத் திறந்தால், மாற்று உடை மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கிறது. துண்டுகூட நனையவில்லை.

"ஏன் பாப்பா, தண்ணியில இறங்கலையா?"

"இல்லம்மா. டீச்சர்கூட உட்கார்ந்துட்டேன்."

"எல்லாரும் விளையாடினாங்கதானே?"

"விளையாடினாங்க. நீதானே தண்ணின்னா ஆபத்துன்னு சொல்லுவ?"

அவளுக்கு 11 வயது. வருத்தப்பட்டுக்கூடச் சொல்லவில்லை. இட்லிக்குச் சட்னி போதும் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. என் நகைகளைக்கூட இன்னும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அதற்குள் என் பயத்தைக் கொடுத்துவிட்டேனே!

மணல் பள்ளத்தில் தொடங்கியது

எனக்கு எட்டு வயது இருக்கும். மழை விட்ட மறுநாள், அத்தை மகனோடு பாலாற்றில் விளையாடப் போனேன். மணல் அள்ளிய பள்ளம் ஒன்றில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கணுக்கால் அளவுதான் என்று நினைத்துக் கால் வைத்தேன். கரை மணல் சரிந்தது. கால் கீழே கீழே போகிறது, தரை வரவே இல்லை. மூக்கில் தண்ணீர், கண்ணில் செம்மண் நிறம். அத்தை மகன் என் சடையைப் பிடித்து இழுத்துப் போட்டான். அன்றைக்கு ரெட்டைச் சடை போட்டு அனுப்பிய அம்மாவுக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு 38 வருடம் நான் எந்தத் தண்ணீரிலும் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. கன்னியாகுமரிக்குப் போனாலும் செருப்பைக் காவல் காப்பவள் நான்தான். குற்றாலத்தில் குடும்பமே அருவியில் நிற்க, நான் டீக்கடையில் நின்றேன். யாராவது கேட்டால் "சைனஸ்" என்பேன்.

எங்கள் ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை. ஏனென்றால், எங்கள் தெருவில் என் வயதுப் பெண்களில் நீச்சல் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் நாங்கள். கேட்டால் சிரிப்பீர்கள்.

பாலாற்றைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடி அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிற ஆறு. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தில். ஆனால் வருடத்தில் பெரும்பாலான நாள் அதில் ஓடுவது லாரியும் டூ வீலரும்தான். வந்தால் மொத்தமாக வரும். 1903-ல் வந்த வெள்ளத்தை வாணியம்பாடிக்காரர்கள் இன்னும் பேசுவார்கள். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுப் போனதை நானே பாலத்துக்கு இந்தப் பக்கமாக நின்று பார்த்தேன். நடுப்பாலம் வரை போக மனம் வரவில்லை.

ஆறு இல்லாவிட்டால் கிணறு இருக்கிறதே என்பீர்கள். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் முதுகில் சுரைக்குடுக்கையோ, லாரி டியூபோ கட்டிக்கொண்டு நீச்சல் பழகியது கிணற்றில்தானே? எங்கள் பக்கம் அந்தக் கிணறுகளும் போயின. தோலை ஊறவைக்க, சுண்ணாம்பு போட, கழுவ, பதப்படுத்த, சாயமேற்ற எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பது ஊருக்கே தெரியும். வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்' என்று தீர்ப்பளித்தது. இந்தியா முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு அது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் இதே பகுதிக்காக மறுபடி பேச வேண்டியிருந்தது. நானும் தோலை நம்பிப் பிழைப்பவள்தான். ஷூ கம்பெனியில் அப்பர் தையலைச் சரிபார்க்கும் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. அதனால் குறை சொல்லும்போது எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கிணறு கெட்டபோது குடிநீர் போனதைப் பற்றி எல்லோரும் பேசினோம். நீச்சல் போனதை யாரும் கவனிக்கவில்லை.

ஆக, என் பயம் எனக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஆனால் அதை மகளுக்குக் கொடுத்தது நான் மட்டும்தான்.

முதல் படி: கோட்டை அகழி

நேராகப் போய்க் குதித்தால் பயம் போய்விடும் என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு என்ன, கிணற்றில் பழகியவர். எனக்கு வேறொரு வழி கிடைத்தது. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சின்னப் பையனின் பயத்தைப் போக்கிய கதையைப் படித்தேன். பையனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, முயலைக் கூண்டோடு தூரத்தில் வைத்தார். பிறகு கொஞ்சம் கிட்டே. பிறகு இன்னும் கிட்டே. கடைசியில் பையன் முயலைத் தொட்டு விளையாடினான். பயந்ததை விட்டு விலகி ஓட ஓட பயம் வளர்கிறது. தாங்குகிற தூரத்தில் நின்று பார்த்தால் அது மெல்லக் குறைகிறது. இன்றைக்கும் பயத்துக்கான சிகிச்சையில் அடிப்படை இதுதான்.

சரி, என் முயலை எங்கே வைப்பது? வேலூர் கோட்டை அகழியில்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு பஸ் ஏறினேன். கோட்டையைச் சுற்றிப் பச்சை நிறத்தில் அசையாமல் கிடக்கிறது அகழி. அந்தக் காலத்தில் அதில் முதலைகளை விட்டிருந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள், அகழி என்பதே அடுத்தவரைப் பயமுறுத்தத் தேக்கிய தண்ணீர்தானே! அதன் முன்னால் நான் பயந்து நிற்பதில் வெட்கம் என்ன? கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றேன். முதல் ஐந்து நிமிடம் வயிற்றைப் பிசைந்தது. வேர்க்கடலை வாங்கிக் கொறித்தபடி அரை மணி நேரம் நின்றோம். பிசைவது நின்றது. பீட்டருக்குத் தின்பண்டம், எனக்கு வேர்க்கடலை.

உள்ளே போய்ச் சாமி கும்பிட்டோம். அங்கே இருப்பவர் பெயரே ஜலகண்டேஸ்வரர்; தண்ணீரோடு சேர்ந்த பெயர். மூலவர் இல்லாமல் நெடுங்காலம் கிடந்த கோயில். 1981-ல்தான் லிங்கத்தை மறுபடி உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். அத்தனை காலம் வெளியே இருந்தவரே திரும்பி வந்துவிட்டார். நான் 38 வருடத்தைத் தாண்ட முடியாதா என்று தோன்றியது.

இரண்டாம் படி, மூன்றாம் படி

அடுத்து ஏலகிரி. பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். மகள் ஒவ்வொரு பலகையையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். மேலே புங்கனூர் ஏரியில் படகு. லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை நான் மூன்று முறை இறுக்கியதைப் பார்த்துப் படகுக்காரர் சிரித்தார். "அக்கா, மூச்சு விட இடம் விடுங்க."

பாதி ஏரியில் படகு லேசாகச் சாய்ந்தபோது, என் கை தானாக மகளின் தோளைப் பிடித்தது. அவள் உடனே விறைத்தாள். அதுவரை தண்ணீரில் விரல் விட்டுக் கோடு போட்டுக்கொண்டு வந்த பிள்ளை, கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கை பேசிவிட்டது. பயம் எப்படி இடம் மாறுகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் விரல் மறுபடி தண்ணீருக்குப் போனது.

மார்கழியில் ஜலகாம்பாறை. ஏலகிரி மலையின் மறுபக்கம், திருப்பத்தூர் வழியாகப் போக வேண்டும். மழைக்குப் பின் வந்தால்தான் அருவி உண்டு. வெயில் காலத்தில் வந்தால் பாறையைப் பார்த்துவிட்டு முருகனைக் கும்பிட்டுத் திரும்பலாம். நாங்கள் போனபோது நல்ல தண்ணீர். தலையை நீட்டினேன், இழுத்தேன். மறுபடி நீட்டினேன். மூன்றாவது முறை முழுதாக உள்ளே போனேன். தலையில் யாரோ அரிசி மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிற மாதிரி இருந்தது. மூச்சு முட்டியது. ஆனால் காலுக்குக் கீழே பாறை இருந்தது. வெளியே வந்தபோது பக்கத்தில் நின்ற பாட்டி, "சளி புடிக்கும், தலைய தொவட்டு" என்றார். 46 வயதில் அந்தத் திட்டு இனித்தது.

பிடதியில் ஒரு மாடிப்படி

மே மாதம் மகளிடம் கேட்டேன். "வாட்டர் ஸ்லைடு போலாமா?"

"நீ ஏறுவியா?"

"ஏறுவேன்."

"அப்ப நான் வந்து பாக்கறேன்."

பார்க்கிறேன் என்றுதான் சொன்னாள், ஏறுகிறேன் என்று சொல்லவில்லை.

பெங்களூர் - மைசூர் சாலையில், பிடதி அருகே 2005-ல் தொடங்கப்பட்ட வொண்டர்லா. எங்கள் பக்கத்துப் பள்ளி சுற்றுலாக்களில் பல அங்கேதான் போகும். ஆம்பூரிலிருந்து 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விடிகாலை நாலரைக்குக் கிளம்பி, வாணியம்பாடி, பர்கூர் தாண்டி, கிருஷ்ணகிரியில் இட்லி சாப்பிட்டு, ஓசூர் வழியாகப் போனோம். வார நாளில் போனதால் கூட்டம் குறைவு.

நடுத்தர வயதுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது சில உண்டு. இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், முதுகு அல்லது கழுத்து எலும்புப் பிரச்னை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் பெரிய சறுக்குகளில் ஏறக் கூடாது. நான் கிளம்பும் வாரமே பிரஷர் பார்த்துக்கொண்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். ஆம்பூர்க்காரர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன், பிரியாணி திரும்பி வந்த பிறகு. கண்ணாடி, வளையல், செயின் எல்லாம் லாக்கரில். பருத்தி உடையும் புடவையும் ஆகாது. நைலான் உடை வேண்டும்.

அந்த உடை விஷயம்தான் என்னைப் பாதி நாள் தடுத்தது. உண்மையைச் சொன்னால், என் பயத்தில் பாதி தண்ணீர், பாதி 'இந்த வயசுல இந்த உடையில யாராவது பார்த்தா?' என்பது. கணுக்கால் வரை, மணிக்கட்டு வரை மூடுகிற நைலான் உடைகள் கிடைக்கின்றன. போட்டுக்கொண்டு வெளியே வந்தால், என்னைவிட வயதானவர்கள் பத்துப் பேர் அதே உடையில் போகிறார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

முதலில் சின்னச் சறுக்கு. மகளும் நானும் ஒரே டியூபில். அவள் கத்தினாள், பிறகு சிரித்தாள். "இன்னொரு தடவை" என்றாள். நான்கு தடவை போனோம்.

பிறகு பெரியது. இரும்புப் படிகள். மூன்று மாடி ஏறியிருப்பேன். மேலே நின்று பார்த்தால் நீலக் குழாய் ஒன்று வளைந்து கீழே போய்க் காணாமல் போகிறது. முன்னால் நின்ற காலேஜ் பையன் உட்கார்ந்தான், போய்விட்டான். என் முறை. முட்டி இரண்டும் தையல் மெஷின்போல ஆடுகின்றன. உள்ளங்கை வேர்க்கிறது. 'தரை வராது' என்று யாரோ காதில் சொல்கிறார்கள்.

"முடியல தம்பி" என்றேன்.

"பரவாயில்ல மேடம், அந்தப் பக்கம் படி இருக்கு" என்றார் காவலர்.

ஏறி வருகிற வரிசையை எதிர்த்து இறங்குவது பெரிய தண்டனை. கீழே மகள் நின்றிருந்தாள். எதுவும் கேட்கவில்லை. துண்டை நீட்டினாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நொடிக் கணக்கு

ஒரு மணி நேரம் நிழலில் உட்கார்ந்து, அந்தக் குழாயின் வாயிலிருந்து வெளியே வருபவர்களை எண்ணினேன். ஒன்று, இரண்டு, நாற்பது. எல்லோரும் வந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் எழுந்து நின்றார்கள். எழுந்து நிற்கும்போது தண்ணீர் தொடை வரைதான். என் வேலை சரிபார்ப்பதுதானே, அதே கண்ணால் சரிபார்த்தேன்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பம்பு தண்ணீரை மேலே ஏற்றுகிறது. குழாய்க்குள் ஓடும் மெல்லிய நீர்ப்படலம் நமக்கும் குழாய்க்கும் நடுவே புகுந்து உராய்வைக் குறைக்கிறது. உயரம் வேகமாக மாறுகிறது. 10 மீட்டர் உயரத்திலிருந்து உராய்வே இல்லாமல் இறங்கினால், கீழே வரும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் இருக்கும். வளைவும் உராய்வும் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மீதியைக் கீழே உள்ள தண்ணீர் வாங்கிக்கொள்ளும். கைகளை மார்பில் கட்டி, காலை ஒட்டி வைக்கச் சொல்வது பயமுறுத்த அல்ல. கையோ காலோ விரிந்து பக்கவாட்டில் இடிபடாமல் இருக்க.

எழுந்தேன். இந்த முறை மகளும் கூடவே படி ஏறினாள். மேலே வந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "முடியலன்னா பரவால்லம்மா. வா, போயிடலாம்."

அது என் குரல். ஊஞ்சலில் வேகமாக ஆடப் போனபோது, சைக்கிள் கேட்டபோது, நான் அவளுக்குச் சொன்ன அதே வார்த்தை, அதே அன்பான தொனி.

உட்கார்ந்தேன். தண்ணீர் முதுகைத் தள்ளியது. "கைய கட்டிக்கங்க மேடம். படுத்துக்கங்க. தலைய தூக்காதீங்க." கண்ணை மூடியதாக ஞாபகம். பிறகு நானே போகவில்லை, போய்க்கொண்டிருந்தேன். இருட்டு, வெளிச்சம், மறுபடி இருட்டு. வயிறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கத்தினேனா என்று தெரியாது. கத்தினேன் என்று மகள் சாட்சி சொல்கிறாள்.

கடைசியில் தண்ணீருக்குள் விழுந்தேன். மூக்கில் தண்ணீர். கண்ணுக்குள் நீலம். ஒரு கணம், அதே பள்ளம், அதே எட்டு வயது. கால் தரையைத் தேடியது.

தரை கிடைத்தது.

எழுந்து நின்றேன். தண்ணீர் தொடை வரைதான். அழுதேனா, சிரித்தேனா என்று கேட்காதீர்கள், முகம் முழுக்கத் தண்ணீர். ஓரத்தில் நின்ற காவலர் "நகருங்க மேடம், அடுத்த ஆள் வராங்க" என்றார். நியாயம்தானே.

அடுத்த ஆள்

அடுத்த ஆள் என் மகளா என்று கேட்பீர்கள். இல்லை. அவள் படி வழியாகத்தான் இறங்கி வந்தாள். "அடுத்த தடவை" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. என் படியை நான் ஏற 38 வருடம் எடுத்துக்கொண்டேன். அவள் தன் படியைத் தானே எண்ணட்டும். ஆனால் திரும்பும் வழியில், கிருஷ்ணகிரி தாண்டியதும், இருட்டில் கேட்டாள்: "அம்மா, நீச்சல் கிளாஸ்ல சேத்து விடுவியா?"

ஆம்பூருக்கு வந்து சேரும்போது ராத்திரி ஒன்பதரை. முதலில் சாப்பிட்டது சீரக சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும். அன்றைக்கு இருந்த பசி வாழ்க்கையில் இருந்ததில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பயத்தையும் விடச் சொல்லவில்லை. மழை விட்ட பிறகு பாலாற்றுப் பள்ளங்களில், கைவிட்ட கல்குவாரிக் குட்டைகளில் இறங்கும் பிள்ளைகள் திரும்பி வராத செய்தியை நாம் படிக்கிறோம். ஆழம் தெரியாத தண்ணீருக்கான பயம் இருக்கவே வேண்டும், அது காவல். காவலர் நிற்கிற, ஆழம் எழுதிப் போட்ட, தொடை அளவுத் தண்ணீரிலும் நம்மைச் செருப்புக்குக் காவல் வைக்கிறதே, அந்தப் பயத்தைத்தான் சொல்கிறேன். இரண்டும் உள்ளே ஒரே மாதிரி வயிற்றைப் பிசையும். பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முடியும். நான் இத்தனை வருடம் பிரிக்காமல் மொத்தமாகக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது ஞாயிறுதோறும் வேலூருக்கு நீச்சல் கிளாஸ். மகள் குளத்தின் குறுக்கே பாதி தூரம் போகிறாள். கரையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கால் தண்ணீருக்குள். செருப்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரியாது.